கம்பியில் பாதி

அலவத்துகொட அரூஸ் நானா, புசல்லாவை ராஜலிங்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். பதினான்கு வருடக் கடன். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. கொடுக்க வேண்டியவர் கொடுக்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாங்க வேண்டியவர்தான் வாங்கமாட்டேன் என்று நின்றார். கண்டி ஜில்லா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கடன் அகப்படாது.

புசல்லாவையில் இறங்கி ராஜலிங்கம் வீடு எது என்று கேட்டால் பஸ் கண்டக்டரே கையைக் காட்டுவார். நுவரெலியா ரோட்டோரம், கடைத்தெரு முடிகிற இடம். முன்னால் மின்சாரச் சாமான் கடை, பின்னால் வீடு. அந்த வீட்டில் ஒரு கல்லைக்கூட இன்னொருவர் காசில் வைத்ததில்லை. மனிதர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு எழும்பி வந்துவிட்டார். அதற்கு மேல் படித்திருந்தால் எங்கேயாவது ஒரு கந்தோரில் கிளாக்கராக உட்கார்ந்து தேய்ந்துபோயிருப்பார். படிக்காததுதான் நல்லதாய்ப் போயிற்று.

இருபது வயதில் பெரிய லைன் இழுக்கிற வேலைக்குப் போனார். மலைக்கு மலை இரும்புக் கோபுரம் நட்டு, பள்ளத்தாக்குக்கு மேலாகக் கம்பி இழுக்கிற வேலை. கீழே பார்த்தால் மகாவலி கங்கை அரைஞாண் கயிறு மாதிரித் தெரியும். எஞ்சினியர்மார் கம்பி எவ்வளவு தொய்ய வேண்டும் என்று கடதாசியில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், ராஜலிங்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "இன்னும் ரெண்டு முழம் இழுக்கணும் சேர்" என்பார். கணக்கும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். இது சும்மா அளப்பு இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் இரண்டு பேர் இன்னும் கம்பளையில் இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

அரூஸ் நானாவை அவர் சந்தித்தது தொண்ணூற்று ஆறில். அரூஸ் அப்போது பழைய இரும்பு வியாபாரி. புசல்லாவைக்கு மேலே, மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரியின் இரும்பையெல்லாம் நிறைக்கு, கிலோ கணக்கில், வாங்கியிருந்தார். அதோடு சேர்ந்து வந்தது ஆற்றோரத்து மெஷின். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தண்ணீரால் சக்கரத்தைச் சுற்றவைத்து ஃபெக்டரிக்குக் கரண்ட் எடுத்த மெஷின். அதை உடைத்து லொறியில் ஏற்றக் கூலிக்குப் பிடித்த ஆள்தான் ராஜலிங்கம். சம்மட்டியைக் கையில் எடுத்தவர் மெஷினை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தார். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மொதலாளி, இத ஒடைக்க வேணாம்."

"ஏன், இதுக்குள்ள ஜின் ஈக்கியா?"

"உசுரு இருக்குங்க. பேரிங் ரெண்டும் தண்ணியாச் சுத்துது. கொயில மட்டும் புதுசாச் சுத்தினா ஓடும்."

"ஓடி?"

"மேல ரெண்டு தோட்டத்து லயம் இருக்கு. அதுக்கு மேல ஒரு சிங்களக் கிராமம். எல்லாம் மண்ணெண்ண வெளக்குதான். நாம கரண்டு குடுக்கலாம்."

அரூஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீ எத்தினையாம் வகுப்பு?"

"மூணுங்க."

"நான் அஞ்சு. ரெண்டு பேரும் சேர்ந்தா எட்டு. எட்டாம் வகுப்புக்காரனுக்கு பவர் ஹவுஸ் நடத்த ஏலுமா?"

"எட்டு எதுக்குங்க, மூணே போதும்" என்றார் ராஜலிங்கம்.

அரூஸ் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள் அவர். அந்தச் சிரிப்பில்தான் கூட்டு முடிவாயிற்று. பணம் அரூஸுடையது, உழைப்பு ராஜலிங்கத்துடையது, சொத்து சரிபாதி. கம்பளையில் கூட்டுப் பத்திரம் எழுதக் கொடுத்தபோது, "மெஷின் ஒருத்தருக்கு, லைன் ஒருத்தருக்கு என்று எழுதினால் பிற்காலத்தில் சிக்கல் இல்லை" என்று நொத்தாரிசு புத்தி சொன்னார்.

அரூஸ் கேட்கவில்லை. "மாப்புள்ளய ஒரு ஊட்லயும் பொண்ண ஒரு ஊட்லயும் வெச்சா புள்ள பொறக்குமா சேர்? மெஷின்ல பாதி, கம்பியில பாதி. அப்பிடியே எழுதுங்க."

வெளியே வந்ததும் ராஜலிங்கத்திடம் சொன்னார்: "இன்னமே மொதலாளி கிதலாளி எண்டா கூட்டுல நான் இல்ல. நானாண்டு கூப்பிடு, ஒன்ட மூத்த அண்ணன் மாதிரி."

லைன் போட்ட கதையைச் சொல்ல ஒரு நாள் போதாது. நூற்று நான்கு கம்பம், எல்லாம் டர்பன்டைன் மரம். லயத்துச் சனம் ஒரு சதம் கூலி வாங்காமல் தோளில் சுமந்து மலையேற்றிக் கொடுத்தது. கம்பி முழுவதையும் இழுத்துத் தொய்வு பார்த்தவர் ராஜலிங்கம் ஒருவர்தான். எழுபத்தொரு வீடு. வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ரேடியோ. முதன்முதல் எரிந்த அன்று, மேல் லயத்து மாரியாயி வெளிச்சத்தில் தன் காம்பிராச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்ளோ அழுக்காவா இருந்துச்சு" என்று அழுதாள். மறுநாளே லயம் முழுக்க வெள்ளையடித்தார்கள்.

வீட்டுக்கு இரண்டு பல்புதான் சட்டம். யாராவது களவாக இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் எழுபத்தொரு வீட்டு வெளிச்சமும் ஒரே நேரத்தில் மங்கிவிடும். மங்குகிற விதத்தை வைத்தே எந்த வீடு என்று ராஜலிங்கம் சொல்லிவிடுவார். நேரே போய்க் கதவைத் தட்டி, "சட்டைய மடிச்சுத் தலகாணிக்குக் கீழ வய்யி. காலையில நெளிவு எடுத்திருக்கும்" என்பார். ஒரு கல்யாண வீட்டையும் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்கிற நாள். மலைமேல் தண்ணீர்த் தொட்டியில் அடைந்த இலைதழையை அள்ள வேண்டும், கீழே மெஷினுக்குக் கிறீஸ் பூச வேண்டும். அரூஸ் அலவத்துகொடவிலிருந்து விடியவே புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். கையில் ஹபீலா சுட்டுக் கொடுத்த ரொட்டியும் மாசிச் சம்பலும் இருக்கும். ஹபீலா அவருடைய மனைவி.

திரும்ப மெஷினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று பலகைக் கதவைத் தூக்கித் தண்ணீரை விட வேண்டும். ஒருவர் கீழே நின்று மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே வால்வைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே முந்நூறு யார் தூரம். தண்ணீர் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அரூஸ் மேலே நின்று கறுப்புக் குடையை விரித்தால் தண்ணீர் விட்டாயிற்று என்று அர்த்தம், மடக்கினால் நிறுத்தியாயிற்று. கீழே நிற்கும் ராஜலிங்கம் பதிலுக்குப் பிஸ்கட் தகர மூடியைத் தூக்கிக் காட்டுவார். மழை பெய்தாலும் அரூஸ் குடையை மடக்கிக்கொண்டுதான் நிற்பார். தவறி விரித்தால் கீழே கணக்குப் பிழையாகிவிடும். நனைந்து ஊறி இறங்கி வருகிற மனிதருக்கு ராஜலிங்கத்தின் மனைவி வேலாயி துவாய் எடுத்துக் கொடுப்பாள்.

"ஏன் நானா, கையில கொடய வச்சுக்கிட்டே நனைஞ்சிட்டு வாறீங்களே!"

"என்ன செய்ய தங்கச்சி, ஒங்கட புருசன் என்னய கரண்டுக் கம்பமா ஆக்கிப் போட்டான்."

பதினான்கு வருடம் இப்படிப் போயிற்று. ராஜலிங்கம் கல்வீடு கட்டியதும் கடை போட்டதும் அதில்தான். ஆனால் அந்தக் காலத்தை நினைக்கும்போது காசு அவருக்கு ஞாபகம் வருவதில்லை. மலைமேல் திடீரென்று ஒரு கறுப்புக் குடை விரிகிறதே, அதுதான் ஞாபகம் வரும்.

பிறகு பெரிய கரண்ட் வந்தது. ராஜலிங்கம் இளவயதில் இழுத்த பெரிய லைன் இருக்கிறதே, அதிலிருந்து கிளை பிரித்துத் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் கொடுத்தார்கள். இஸ்திரிப் பெட்டி, பிரிஜ், டிவி, எது வேண்டுமானாலும் ஓட்டலாம். சனத்தைக் குறை சொல்லக் கூடாது. ஒவ்வொரு வீடாக அங்கே மாறியது. மாறிய ஒவ்வொருவரும் ராஜலிங்கத்திடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுத்தான் மாறினார்கள். கடைசியில் ஒரு வீடும் மிஞ்சவில்லை.

மெஷினைப் பெரிய லைனோடு சேர்த்துக் கட்டி, கரண்டை விற்கலாம் என்று ராஜலிங்கம் நினைத்தார். அதற்குக் கடதாசி, டிரான்ஸ்போமர், இரண்டு பங்காளிகளின் கையெழுத்து என்று ஆயிரம் வேலை. "பாப்பம் லிங்கம், பாப்பம்" என்று அரூஸ் இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கம்பித் திருடர்கள் வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லாத கம்பி என்று தெரிந்ததும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்து வேலாயிக்கு வயிற்றில் ஒப்பரேஷன். மூன்று கிழமை கண்டியில் ஆஸ்பத்திரி. ராஜலிங்கம் வார்டு வாசலிலேயே கிடந்தார். பதினெட்டாம் நாள் அரூஸ் ஒரு பை திராட்சையோடு வந்தார். வேலாயியை விசாரித்தார். பிறகு ராஜலிங்கத்தைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்.

"லிங்கம், இது ஒன்ட பங்கு. ஒண்டு அறுவது. கம்பிய வித்துட்டன். கள்ளனுக்குப் போறத்துக்கு முந்தி நாங்க வித்தா நல்லம்தானே. ஒனக்கும் இப்ப ஆஸ்பத்திரிச் செலவு."

ராஜலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் கம்பி?"

"எங்கட லைன்."

"முழுசுமா?"

"முழுசும்தான். துண்டு துண்டா யாரு எடுப்பா?"

பிறகு நடந்ததை ராஜலிங்கம் யாரிடமும் விபரமாகச் சொன்னதில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான். சத்தம் வார்டு முழுக்கக் கேட்டதாம். நேர்ஸ்மார் ஓடி வந்தார்களாம். நோயாளிகள் எழும்பி உட்கார்ந்து பார்த்தார்களாம். "என்னைக் கேட்டீங்களா? ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கத்தியவர், கடைசியாக இப்படிச் சொன்னார்: "பழைய இரும்புக்காரனோட கூட்டு வச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். ஒனக்கு எல்லாமே நிறைக்குத்தானய்யா!"

பதினான்கு வருடம் நானா, நானா என்று கூப்பிட்ட வாயில் அன்றைக்கு 'ய்யா' வந்துவிட்டது.

அரூஸ் பொட்டலத்தைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். திராட்சைப் பையை அங்கே கிடந்த வாங்குப் பலகையின்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

ராஜலிங்கம் வீட்டுக்கு வந்தபோது கம்பங்கள் மட்டும் மொட்டையாக நின்றன. நூற்று நான்கில் ஒன்றிலும் கம்பி இல்லை. மெஷின் அப்படியே இருந்தது. அரூஸ் அதைத் தொடவில்லை. நிறைக்குப் பார்த்தால் கம்பியைவிட மெஷினுக்குத்தான் கூடக் காசு. பழைய இரும்புக்காரருக்கு அது தெரியாதா என்ன? காசுக்காகவென்றால் முதலில் அதைத்தான் விற்றிருப்பார். இது ராஜலிங்கத்துக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது. விளங்கியபோது, போய்ச் சொல்ல முடியாத அளவுக்குக் காலம் போய்விட்டிருந்தது.

அரூஸ் மூன்று முறை பணத்தை அனுப்பினார். ஒருமுறை லொறி டிரைவரிடம், ஒருமுறை கம்பளைக் கடைக்காரர் ஒருவரிடம், ஒருமுறை மருமகனிடம். மூன்று முறையும் ராஜலிங்கம் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வித்தவரு வரட்டும். வந்து என் கையில எண்ணிக் குடுக்கட்டும்."

ஊர் இதைத் திமிர் என்றது. வேலாயியும் அப்படித்தான் சொன்னாள். "அன்னைக்கே வாங்கியிருந்தா கூரைய மாத்தியிருக்கலாம். இன்னைக்கு அந்தக் காசுக்குப் கூரைத் தண்ணிப் பீலி கூட வராது. காசு கெடந்து கரையுது, ஒங்க திமிரு மட்டும் கரையல."

திமிர் இருந்தது உண்மைதான். கையால் உழைத்து மேலே வந்தவனுக்குத் திமிர் இல்லாவிட்டால் எவனும் ஏறி மிதித்துவிட்டுப் போவான். ஆனால் விஷயம் அதில்லை. அந்தப் பணத்தை டிரைவரிடம் வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துபோகும். கணக்குத் தீர்ந்துவிட்டால் அரூஸ் நானா புசல்லாவைக்கு வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. அவரை வரவழைக்க இந்த உலகத்தில் ராஜலிங்கத்தின் கையில் மிச்சமிருந்தது அந்தக் கடன் ஒன்றுதான். இதை வேலாயியிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிறீஸ் டின்னோடு மேலே போவார். ஓடாத மெஷினுக்கு எதற்குக் கிறீஸ் என்று கேட்டவர்களுக்கு, "துருப் பிடிக்கக் கூடாதுல்ல" என்பார். பேரிங்கைத் துடைத்துக் கையால் நான்கு சுற்றுச் சுற்றிவிடுவார். பிறகு மெஷின் கொட்டில் வாசலில் குந்திக்கொண்டு மலைமேல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே சில நேரம் மாடு நிற்கும். சில நேரம் மூடுபனி மட்டும் நிற்கும்.

அலவத்துகொடவுக்குத் தானே போய்விடலாம் என்று புறப்பட்டதும் உண்டு. ஒருமுறை இரண்டுமுறை இல்லை. கண்டிக்குச் சாமான் வாங்கப் போகிற சாட்டில் மாத்தளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார். "அக்குறணை, அலவத்துகொட, மாத்தளை" என்று கண்டக்டர் கத்தும்போதே யோசனை தொடங்கிவிடும். போய் என்ன சொல்வது? பணம் கேட்டு வந்ததாக நினைத்துவிட்டால்? வாசலில் நிற்கவைத்துப் பேசினால்? கட்டுக்கஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் மணியடித்து இறங்கிவிடுவார். பாலத்தில் நின்று கொஞ்சநேரம் கங்கையைப் பார்ப்பார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். எத்தனையோ ஆள் உயரக் கோபுரத்திலெல்லாம் ஏறியவர்; அந்தப் பாலத்தைத் தாண்ட மட்டும் அவரால் முடியவில்லை.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டின வருடம், பத்து மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் என்று இருண்டு கிடந்தபோது, மேல் லயத்து ஆட்கள் கடைக்கு வந்து மெழுகுதிரி வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள்.

"லிங்கண்ணே, நம்ம லைன் இருந்திருந்தா இந்நேரம் ஊரே நம்மளப் பாத்து வயிறெரிஞ்சிருக்கும்."

"ம்."

"எல்லாம் அந்த நானாவால வந்தது. காசுக்கு ஆசப்பட்டு வித்துட்டுப் போயிட்டான்."

ராஜலிங்கம் மெழுகுதிரியைத் திரும்பப் பறித்துக்கொண்டார். "அவரப் பத்திப் பேச ஒனக்கு என்னாடா யோக்கியத இருக்கு? ஒன் அப்பன் மொதமொத வெளிச்சத்தப் பாத்ததே அவரு போட்ட காசுலதான். மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னு தண்ணி விட்டாருடா அந்த மனுசன். நீ எறங்கு. ஒனக்குத் திரி இல்ல."

ஆள் போனபிறகு உள்ளேயிருந்து வேலாயியின் குரல் வந்தது: "இத அவருகிட்டயே சொல்லியிருக்கலாம்."

இந்த வருடம் மே மாதம், ரோட்டில் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்த நேரம், ஒரு கோல் வந்தது. தெரியாத நம்பர். பெண் குரல்.

"லிங்கம் மாமாவா? நான் றிப்தா. அரூஸ்ட மகள்."

ராஜலிங்கம் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "நானாவுக்கு என்னாம்மா?"

"ஒண்டுமில்ல மாமா. வாப்பா இந்த முறை ஹஜ்ஜுக்குப் போறாங்க. ஒடம்பு செரியா ஏலா. சீனி நோய். ஒரு கண் நல்லாத் தெரியுதுமில்ல. வேணாண்டு சென்னாலும் கேக்கிறாங்க இல்ல. போற முந்தி எல்லார்ட்டையும் பயணம் சொல்லி, மாப்புக் கேட்டு, கடனெல்லாம் தீத்துட்டுத்தான் போகணும். எல்லாம் முடிஞ்சிட்டு. ஒங்கட மட்டும்தான் மிச்சம்."

"நான் விட்டுக் குடுத்துட்டேன்னு சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அப்பிடிச் செல்ல வேணாம் மாமா. விட்டுட்டன் எண்டு நீங்க வாயால சென்னா வாப்பாட மனசு ஆறாது. ராவெல்லாம் தூங்கிறாங்க இல்ல. ஒங்கட கையில எண்ணித்தான் குடுக்கணுமாம். நீங்களும் அப்பிடித்தானே சென்ன?"

"ஆமா" என்றார் ராஜலிங்கம். "ஆமாம்மா. அப்படித்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து இரண்டு நாள் அவர் கடையில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. பல்பு கேட்டவனுக்கு வயரை வெட்டிக் கொடுத்தார். வேலாயி புதுக் கோப்பை எடுத்துக் கழுவிவைத்தாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்பது படி இறங்க வேண்டும். ராஜலிங்கம் பாசியைச் சுரண்டி, பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயைப் பிடிக்கக் கைப்பிடியாகக் கட்டினார். ஆட்டிப் பார்த்தார். திரும்ப அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். என்ன பேசுவது என்று மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தார். எல்லாம் கடைசியில் அந்த ஆஸ்பத்திரி வார்த்தையில் வந்து முட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிபோல வேன் வந்து நின்றது. றிப்தா இறங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளேயிருந்து இறங்கியவரை ராஜலிங்கத்துக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. அந்த வயிறு இல்லை. வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. தாடி முழுக்க நரைத்திருந்தது.

அரூஸ் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நான்காவது படியில் நின்று இளைத்தார். "அண்டைக்கே சென்னேனேடா லிங்கம், பள்ளத்துல ஊடு கட்டாதண்டு."

அந்த 'டா'வைக் கேட்டதும் ராஜலிங்கம் இரண்டிரண்டு படியாக ஏறிப்போய் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். கை லேசாக இருந்தது.

கதிரையில் உட்காரவைத்தார்கள். வேலாயி சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்தாள். அரூஸ் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தங்கச்சி, இது தேத்தண்ணியா, கசாயமா?"

"ஒங்க மகதான் சீனி போடக் கூடாதுன்னாங்க நானா."

"எல்லாம் இவள்ட வேல. என்னய ஹஜ்ஜுக்கு அனுப்ப முந்தியே தவம் இருக்க வெச்சிட்டாள்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோட்டில் ஒரு பஸ் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. அதன் சத்தம் போய் முடியும்வரை இருவரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லிங்கம், பயணம் சொல்ல வந்தேன்" என்றார் அரூஸ். "ஒன்னக் கேக்காம வித்தது பிழை. கள்ளன் வாறான் எண்டு பயந்துதான் வித்தன். ஆனா கேட்டீக்கணும். பாதி ஒன்டது. மாப் பண்ணிக்க."

"நானா, ஆஸ்பத்திரியில நான்..."

"பழைய இரும்புக்காரண்டு சென்ன. அது உண்மதானே. என்ட வாப்பாவும் பழைய இரும்புக்காரன்தான்."

"அதில்ல நானா." சந்தையில் நின்று பத்துப் பேரோடு வாதாடி வென்ற ராஜலிங்கத்தின் வாய், அன்று துண்டு துண்டாகத்தான் பேசியது. "நீங்க வருவீங்க, வருவீங்கன்னுதான்... அந்தக் காச நான் வாங்காம... ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மேல போய்ப் பாப்பேன் நானா. நீங்க இல்ல."

அரூஸ் தலையாட்டினார். நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் ரெண்டு மூணு தரம் கம்பளை மட்டுக்கும் வந்தன். அங்கால ஏற மனசு வரல்ல."

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு அரை மணித்தியாலப் பாதை. கட்டுக்கஸ்தோட்டையிலிருந்து அலவத்துகொடவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ராஜலிங்கம் தன் பாலத்துக் கதையைச் சொல்லவில்லை. வேலாயி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அரூஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தார். உள்ளே ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். உறையை அப்படியே நீட்டிவிட்டு, "எண்ணிப் பாத்துக்க" என்றார்.

எத்தனையோ தரம் ஒத்திகை பார்த்த வசனம் நாக்கின் நுனியில் நின்றது. வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மக்காவில் யாருக்காவது கொடுங்கள். சொன்னால் ஊரே மெச்சும். லிங்கண்ணன் காசைத் தூக்கிப் போட்ட மனுஷன் என்று நாலு பேர் நாலு வருடம் பேசுவார்கள். வாசலில் நின்ற றிப்தா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜலிங்கம் உறையை வாங்கவில்லை. கதிரையை இழுத்து அரூஸின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார். கிறீஸும் கம்பியும் ஏறி மரத்துப்போன வலது கையை விரித்து நீட்டினார்.

"நீங்க எண்ணுங்க நானா."

"கண்ணு தெரியாதேடா."

"மெதுவா எண்ணுங்க. எனக்கு அவசரமில்ல."

அரூஸ் தாள்களை உருவி, ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவிப் பார்த்து, "பிஸ்மில்லா" என்று சொல்லி முதல் தாளை அந்தக் கையில் வைத்தார். ஒண்டு. ரெண்டு. மூணு. வைக்கும்போதெல்லாம் அவருடைய விரல் ராஜலிங்கத்தின் உள்ளங்கையில் பட்டுப் பட்டு எழுந்தது. பத்தொன்பதில் இருமல் வந்தது. இருமி முடித்து நிமிர்ந்து, "எத்தினையில நிண்டன்?" என்று கேட்டார்.

ராஜலிங்கத்துக்குத் தெரியும். கம்பித் தொய்வைக் கண்ணால் அளந்தவருக்கு இது ஒரு கணக்கா? "கவனிக்கல நானா" என்றார்.

"என்ன ஆள்டா நீ" என்று முணுமுணுத்துக்கொண்டு, அரூஸ் எல்லாத் தாளையும் திரும்ப அள்ளி எடுத்தார். அடுக்கினார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். ராஜலிங்கம் விரித்த கையை அசைக்காமல் பிடித்திருந்தார். இருபது. இருபத்தஞ்சு. முப்பது. முப்பத்தொண்டு.

கடைசித் தாளை அரூஸ் கொஞ்சநேரம் விரலிடுக்கில் வைத்திருந்தார். பிறகு அதையும் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"முப்பத்திரெண்டு. சரியாடா லிங்கம்?"

"சரி நானா."